சும்மா பேசிய அந்த ஒரு போன்

போன வருடம் ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி இருக்கும். கோலார் தங்கவயலில் பாலகாட் என்ற பகுதியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் போனும் கையுமாக நின்றிருந்தேன். வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. பேச வேண்டுமென்றால் மாடிதான்.

வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு செய்பவள் நான். உணவுப் பொருட்களின் பெட்டிகளில் வரும் வாசகங்களைத் தமிழ், கன்னடம், தெலுங்கில் எழுதிக் கொடுப்பேன். அப்போது இரண்டு மாதமாக வேலையே வரவில்லை. பழைய வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் ‘ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள்’ என்று ஒரே மெசேஜை அனுப்பியிருந்தேன். படித்தார்கள், பதில் போடவில்லை.

ராபர்ட்சன்பேட்டையில் துணிக்கடை வைத்திருக்கும் தோழியிடம் இதைச் சொல்லிப் புலம்பினால், அவள் என்னையே திட்டினாள். “இன்னாடி நீ, வேலை வேணும்னாதான் அவங்க ஞாபகம் வருமா? நல்லா கீறீங்களான்னு ஒரு வாட்டியாவது போன் பண்ணிக் கேட்டியா?”

கேட்டதில்லை. ரோஷம் வந்து, மறுநாளே மாடியேறிவிட்டேன்.

முதல் ஆள், மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டார். இரண்டாவது ஆள் எடுக்கவே இல்லை. மூன்றாவது, பெங்களூரில் சத்துமாவு தயாரித்து விற்கும் ஒரு கன்னடப் பெண்மணி. அவருக்கு நான் வேலை செய்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. “சும்மாதான் மேடம், எப்படி இருக்கீங்கன்னு கேட்கலாம்னு…” என்று கன்னடத்தில் இழுத்தேன். அவரோ உற்சாகமாகப் பேசினார். தேன் கலந்த புது மாவு வருகிறதாம். தமிழ்ப் பெட்டி இன்றுதான் அச்சாகிறதாம், நாளைக் காலையே வேலூர்க் கடைகளுக்குப் போகிறதாம். மொழிபெயர்ப்பை ஏதோ ஒரு ஆப்பில் போட்டு எடுத்துக்கொண்டார்களாம். எனக்குச் சுருக்கென்றது. வெளிக்காட்டாமல் வாழ்த்தினேன். டெல்லி விமானத்தில் ஏறப் போவதாகச் சொல்லி, பெட்டியின் படத்தை அனுப்பிவிட்டு வைத்தார்.

வேறு வேலை இல்லாததால் படத்தைப் பெரிதாக்கிப் படித்தேன். கடைசி வரியில் கண் நின்றது. ‘ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கொடுக்கலாம்’ என்றிருந்தது. பக்கத்தில் ஆங்கில வரியைப் பார்த்தேன். அதில் கொடுக்கக் கூடாது என்றுதான் இருந்தது!

ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகலாம். உடனே திருப்பிக் கூப்பிட்டேன். ஸ்விட்ச் ஆஃப். அவர் டெல்லியில் இறங்குவதற்குள் அச்சு முடிந்து, பாதிப் பெட்டியில் மாவே நிரப்பிவிடுவார்கள். மறுநாள் காலை வேலூர்க் கடைகளில் இருக்கும்.

முன்பு அவருக்கு வேலை செய்தபோது அச்சகத்துக்கும் ஒருமுறை பேசியிருந்தேன். போனில் தேடித் தேடி அந்த நம்பரைப் பிடித்தேன். எடுத்தவர் அங்கே சூப்பர்வைசர். பின்னால் மெஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. விஷயத்தைக் கத்திச் சொன்னேன்.

“நீங்க யாருன்னே எனக்குத் தெரியாது. மேடம் சொல்லாம மெஷினை நிறுத்தினா என் வேலை போயிடும்மா” என்றார் கன்னடத்தில். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. “சரி சார், நிறுத்த வேண்டாம். அங்கே தமிழ் படிக்கத் தெரிந்தவர் யாராவது இருந்தால் கடைசி வரியை மட்டும் படிக்கச் சொல்லுங்கள்” என்று கெஞ்சினேன்.

பெட்டிகளை எண்ணிக் கட்டும் ஒரு பெண்ணைக் கூப்பிட்டார். அவள் போனை வாங்கிக்கொண்டு, பெட்டியின் கடைசி வரியை எழுத்துக்கூட்டிப் படித்தாள். “ஒரு வயசுக்குக் குறைஞ்ச கொழந்தைங்களுக்குக் குடுக்கலாம்னு போட்டிருக்குதுக்கா.”

“அதில் தேன் இருக்கும்மா. கொடுக்கக் கூடாது என்று இருக்க வேண்டும்.”

“அய்யோ! என் கொழந்தைக்கு ஏழு மாசம்கா. தேனை நாக்குல தடவக்கூட கூடாதுன்னு டாக்டரு சொல்லிக்கீறாரு!”

அடுத்த நொடி போனைக் காதிலிருந்து எடுத்து, சூப்பர்வைசரிடம் கன்னடத்தில் படபடவென்று பொரிந்து தள்ளினாள். என்ன சொன்னாள் என்று முழுசாகக் கேட்கவில்லை. ஆனால் அந்தத் தடதட சத்தம் மெதுவாகி, அப்படியே நின்றது. நான் மாடியில் தனியாக நின்றுகொண்டு “ஹே!” என்று கத்திவிட்டேன். துணி காயப் போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டம்மா பயந்து போய், “இன்னா ஆச்சுமா?” என்று ஓடி வந்தார்.

பிற்பகலில் டெல்லியில் இறங்கியதும் அந்தப் பெண்மணி கூப்பிட்டார். அச்சகத்தில் நடந்ததைக் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார், திரும்பத் திரும்ப நன்றி சொன்னார். அப்புறம் மெல்லக் கேட்டார், “உண்மையைச் சொல்லுங்க, காலையில வேலை கேட்கத்தானே போன் பண்ணீங்க?”

“ஆமாம் மேடம்” என்றேன். இருவரும் சிரித்துவிட்டோம். சரியான வரியைப் போனிலேயே எழுதி அனுப்பினேன், மறுநாள் அச்சானது.

இப்போதும் வாரத்துக்கு இரண்டு மூன்று பழைய வாடிக்கையாளர்களிடம் பேசுகிறேன். பெரும்பாலும் மழை, டிராபிக், பிள்ளைகளின் பரீட்சை என்று ஏதாவது பேசிவிட்டு வைத்துவிடுவோம். ஆனால் நான் எழுதும் ஒவ்வொரு வரியும் யாரோ ஒரு தாயின் கைக்குப் போய்ச் சேர்கிறது என்பதை அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு என்னால் ஒருநாளும் மறக்க முடியவில்லை.