ரூபி தந்த குரல்

சிங்கப்பூர் பிடோக்கில் ரூபியின் அடுக்குமாடி புளோக்கைத் தாண்டினால் அவளை யாருக்கும் பெரிதாகத் தெரியாது. கப்பல் சரக்கு நிறுவனம் ஒன்றில் மென்பொருள் சோதிக்கும் வேலை, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடகர் குழு, திரும்பி வரும்போது ஈரச்சந்தையில் மீன். அவள் உலகம் அவ்வளவுதான். ஆனால் அவள் குரலைத் தெரிந்தவர்கள் மலேசியாவில் கிள்ளானில் இருந்தார்கள், மட்டக்களப்பில் இருந்தார்கள், மதுரைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வகுப்பு முழுக்க இருந்தார்கள். அவர்களில் யாரும் அவளைப் பார்த்ததில்லை. பலருக்குப் பார்வையே இல்லை.

எல்லாம் ஜார்ஜால் வந்தது. ஜார்ஜ் அவள் கணவர், பஸ் ஓட்டியவர். கண்ணில் அழுத்த நோய் வந்து முதலில் பக்கவாட்டுப் பார்வை போனது, பிறகு வேலை போனது, கடைசியில் காலையில் காப்பியோடு தமிழ்ப் பேப்பர் படிக்கும் பழக்கமும் போனது. திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் மென்பொருள் ஒன்றை ரூபி கணினியில் போட்டுக் கொடுத்தாள். ஆங்கிலத்தை அது மணி மணியாக வாசித்தது. தமிழ் எழுத்து வந்ததும் வாயை மூடிக்கொண்டது.

"எனக்குக் கண்ணு தெரியல, இதுக்குத் தமிழ் தெரியல. நல்ல ஜோடிதான் லா," என்று ஜார்ஜ் சிரித்தார். ரூபிக்குச் சிரிப்பு வரவில்லை.

லிட்டில் இந்தியாவில், பஃப்ளோ ரோட்டில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில், சனிக்கிழமைகளில் சிலர் கூடுவார்கள். கட்டற்ற மென்பொருள் எழுதுகிறவர்கள். யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், திறந்து பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்று எழுதி வெளியில் விடுகிறவர்கள். ரூபி தயங்கித் தயங்கித்தான் அந்த மாடிப்படி ஏறினாள். அங்கேதான் இளமாறனைச் சந்தித்தாள். ஈசூன்காரன், அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவன், பேச ஆரம்பித்தால் கையில் இருக்கும் தே தாரே டீ ஆறிப்போகும். அவள் சொன்னதைக் கேட்டதும், "அக்கா, இதை நாமளே செஞ்சிடலாமே," என்றான், ஏதோ கடைக்குப் போய் ரொட்டி வாங்கி வருவதுபோல.

செய்து முடிக்கச் சில வருடங்கள் ஆயின. பதிவு செய்ய ஒரு குரல் வேண்டியிருந்தது. ரூபி படுக்கையறை அலமாரியைத் திறந்து, தொங்கும் துணிகளுக்கு நடுவே தலையை விட்டுக்கொண்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, வேர்க்க வேர்க்கச் சொற்களைப் படித்தாள். துணி எதிரொலியைக் குடித்துவிடும் என்று சொல்லித் தந்தவன் இளமாறன். எண்கள், தேதிகள், பெயருக்கு முன்னால் வரும் எழுத்துகள் ஆகியவற்றை வாசிக்கும் பகுதியை அவனே எழுதினான். மென்பொருளுக்குச் 'செவிவழி' என்று பெயர் வைத்தார்கள். அது முதல் முறை முழுப் பத்தியொன்றை வாசித்தபோது ஜார்ஜ் சத்தத்தைக் கூட்டி வைக்கச் சொன்னார். பிறகு, "நீ வேலைக்குப் போனப்புறமும் வீட்டுல உன் சத்தம் ஓயாது போல," என்றார்.

செவிவழியைக் கொடுக்கும்போது அவர்கள் வைத்த நிபந்தனை ஒன்றுதான். உனக்குக் கிடைத்த உரிமையை, யாருக்குக் கொடுத்தாலும் குறைக்காமல் கொடு.

பிறகு இளமாறன் டோபி காட் பக்கம் சொந்தமாக ஒரு நிறுவனம் தொடங்கினான். அலைநிரல் என்று பெயர். செவிவழியையும் வேறு கட்டற்ற மென்பொருள்களையும் சேர்த்துக் கட்டி, பள்ளிகளுக்கும் பராமரிப்பு இல்லங்களுக்கும் நிறுவித் தருவது, பழுது வந்தால் பார்ப்பது. அதில் தவறு ஒன்றும் இல்லை. ரூபிக்குப் பெருமைதான். திறப்பு விழாவுக்கு அவள்தான் கேக் சுட்டுக்கொண்டு போனாள்.

அந்த இளமாறன் ஒரு நாள் எல்லாருக்கும் செய்தி அனுப்பினான். வெளிநாட்டுப் பெரிய மென்பொருள் நிறுவனம் ஒன்றோடு அலைநிரல் ஒப்பந்தம் போட்டுவிட்டது. எழுத்தைப் பேச்சாக்கும் முறைகள் சிலவற்றுக்குத் தங்களிடம் பேட்டண்ட் என்னும் காப்புரிமை இருப்பதாக அந்த நிறுவனம் பல காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. இனிமேல் அலைநிரலின் வாடிக்கையாளர்கள் மேல் அவர்கள் வழக்குப் போட மாட்டார்கள். 'நாம தப்பிச்சோம்' என்று முடித்திருந்தான், பக்கத்தில் கைகூப்பும் படம்.

ரூபி அதைப் பிடோக் போகும் ரயிலில் படித்தாள். நல்லதுதானே என்றுதான் முதலில் தோன்றியது. வாழ்த்துக்கூட அனுப்பிவிட்டாள். வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் பரீதாவிடமிருந்து அழைப்பு வந்தது. பரீதா சனிக்கிழமைக் கூட்டத்தில் ஒருத்தி, வக்கீல் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள்.

"ரூபிக்கா, அவனோட கஸ்டமர் மேல கேஸ் போட மாட்டாங்க. சரி. கஸ்டமர் இல்லாதவங்க மேல?"

ரூபி நடைபாதையிலேயே நின்றுவிட்டாள். மதுரைப் பள்ளிக்கூடம் யாருக்கும் வாடிக்கையாளர் இல்லை. கிள்ளானிலும் மட்டக்களப்பிலும் இருப்பவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கிப் போட்டுக்கொண்டவர்கள். இவளும் ஜார்ஜும்கூட அப்படித்தான்.

"அதோட, நாம பண்ணது அவங்க சொத்துன்னு மாறன் கையெழுத்துப் போட்டு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுச்சு," என்றாள் பரீதா. "எது அவங்க சொத்துன்னு அவங்க இன்னும் சொல்லவே இல்ல."

அடுத்த சனிக்கிழமை மாடியில் இடமில்லாமல் சிலர் படியில் உட்கார்ந்திருந்தார்கள். இளமாறனும் வந்தான். ஆளாளுக்குப் பேசினார்கள். அவன் எல்லாரையும் விட்டுவிட்டு ரூபியைப் பார்த்தே பதில் சொன்னான்.

"அக்கா, அவங்க கேஸ் போட்டா ஜெயிக்கணும்னே இல்ல. வக்கீல் வெச்சு வாதாடியே நான் கம்பெனியை மூடிடுவேன். என்னை நம்பி ஆளுங்க இருக்காங்க, குடும்பம் இருக்கு. நான் என்ன பண்ணட்டும்?"

"உன்னை நம்பி இருக்கிறவங்க உன் ஆபீஸ்ல மட்டும்தானா இருக்காங்க?" என்று ரூபி கேட்டாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நீ மட்டும் குடைக்குள்ள போய் நின்னுக்கிட்டு, மத்தவங்களைக் காட்டிக் கொடுத்துட்ட மாறா."

அவன் முகம் சுருங்கிப் போனது. பையை எடுத்துக்கொண்டு, படியில் இருந்தவர்களை விலக்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டான். அவன் குடிக்காத தே மேசையில் இருந்தது.

பரீதாதான் வழி சொன்னாள். செவிவழியின் உரிமத்தை, அதாவது அதைக் கொடுக்கும் நிபந்தனையை, மாற்றலாம். ஒரு கூட்டத்துக்கு மட்டும் பாதுகாப்பு வாங்கிக்கொண்டு மற்றவர்களை வெளியே நிறுத்துகிற யாரும் அதை விநியோகிக்க முடியாது என்று இனி வரும் பதிப்பில் சேர்க்கலாம். ஆனால் அதற்கு எழுதிய ஒவ்வொருவரும் சம்மதிக்க வேண்டும். ஒவ்வொரு ஊரிலிருந்தும் சம்மதம் வந்தது. மீதி இருந்தது இளமாறன் மட்டும். நிறுவனம் தொடங்குவதற்கு முன்பே எழுதியது என்பதால் அந்தப் பகுதி அவனுடையது, அவன் நிறுவனத்துடையது அல்ல.

ரூபி அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு டோபி காட்டுக்குப் போனாள். கண்ணாடி அறைக்குள் அவனும் அவளும் மட்டும். சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகச் சொன்னாள்.

"என் கழுத்துல நானே கத்தி வெச்சுக்கச் சொல்றீங்க," என்றான் இளமாறன். குரலில் கோபம் இல்லை, களைப்புதான். "முடியாதுக்கா."

"அன்னைக்கு நான் சொன்ன வார்த்தை தப்பு. அதுக்கு மன்னிச்சிடு. ஆனா கேக்க வந்தது தப்பில்ல."

அவன் தலையாட்டினான். அவள் கதவைத் திறக்கும்போது, "அண்ணன் எப்படி இருக்கார்?" என்று கேட்டான்.

"நல்லா இருக்கார்," என்று சொல்லிவிட்டு வந்தாள். மின்தூக்கிக்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவன் தராவிட்டால் அவன் எழுதியதை எடுத்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டும். அதை அவளே எடுத்துக்கொண்டாள். அவனுடையதன் நகல் என்று ஆகிவிடாமலிருக்க அவன் எழுதியதைத் திறந்து பார்க்கக்கூடாது, தன் மூளையிலிருந்துதான் எழுத வேண்டும். சனி, ஞாயிறு இரண்டும் அதிலேயே போயின. ஜார்ஜ் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு காது கொடுத்தார். எண்கள் என்றால் சுலபம் என்று நினைத்திருந்தாள். அவள் எழுதியது தொலைபேசி எண்ணைக் கோடிக் கணக்கில் வாசித்தது. 'கு. ரமணன்' என்ற பெயரைப் படிக்கும்போது 'கு'வில் வாக்கியமே முடிந்ததுபோல மூச்சு விட்டு நின்றது. பஸ் நம்பர் பதினாலு என்பதைத் தேதி என்று எடுத்துக்கொண்டது. ஜார்ஜ் விழுந்து விழுந்து சிரித்தார்.

ஒருநாள் அது வீட்டு முகவரியை வாசித்தது. புளோக் நம்பரை 'நானூற்றுப் பதினெட்டு' என்றது. சரிதான், தப்பே இல்லை. ஆனால் சிங்கப்பூரில் யார் அப்படிச் சொல்கிறார்கள்? நாலு ஒன்று எட்டு என்று தனித்தனியாகத்தான் எல்லாரும் சொல்வார்கள். பழைய செவிவழி அப்படித்தான் சொல்லும். அதை யாரும் இளமாறனிடம் கேட்டதில்லை. அவனாக யோசித்து வைத்திருந்தான், ஜார்ஜைப் போல ஒருவர் டாக்ஸிக்காரரிடம் முகவரி சொல்லும்போது எப்படிச் சொல்வார் என்று.

"மாறன் எவ்வளவு அக்கறையா பண்ணியிருக்கான் பாத்தியா," என்றார் ஜார்ஜ்.

ரூபி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டாள். அதற்கு மேல் அன்றைக்கு எதுவும் ஓடவில்லை.

அவள் துணி காயப்போடப் போன நேரத்தில் ஜார்ஜ் தொலைபேசியை எடுத்துவிட்டார். அவள் திரும்பி வரும்போது பேசிக்கொண்டிருந்தார். "டேய், ஞாயித்துக்கிழமை மீன் குழம்பு. கம்பெனி முதலாளியா வர்றதா இருந்தா வராத. மாறனா இருந்தா வா."

வந்தான். கையில் பழப் பையோடு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்காராமல் ஓரத்தில் உட்கார்ந்தான். சாப்பிடும்வரை சாப்பாட்டைப் பற்றியே பேசினார்கள். கை கழுவியதும் ஜார்ஜ் ரூபியின் புதுப் பதிப்பைப் போட்டுக் காட்டினார். கோடிக் கணக்குத் தொலைபேசி எண்ணைக் கேட்டதும் இளமாறன் அடக்கிப் பார்த்தான், முடியவில்லை. ரூபியும் சிரித்துவிட்டாள். மூன்று பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கியதும் அவனாகவே பேசினான். "எந்த பேட்டண்ட்னு நான் கேட்டேன்க்கா. உங்களுக்கு அது தெரிய வேண்டாம், கையெழுத்துப் போட்டா போதும்னாங்க. சொல்லிட்டு ஒருத்தரை ஒருத்தர் பாத்துச் சிரிச்சாங்க. நான் பயந்துட்டேன்."

ரூபி அவன் தட்டில் இன்னும் இரண்டு ரம்புத்தான் பழத்தை வைத்தாள்.

ஜார்ஜ் தம் கைப்பேசியில் தடவித் தேடி ஒரு குரல் பதிவை ஓடவிட்டார். மட்டக்களப்பிலிருந்து ஓர் ஆசிரியை, பார்வையில்லாதவர். செவிவழியைப் பிள்ளைகளின் கணினியில் ஏற்றித் தரக்கூடாது, வழக்கு வரும் என்று யாரோ சொன்னார்களாம். ஏற்றியதை எல்லாம் அழித்துவிட வேண்டுமா என்று மிக மரியாதையாகக் கேட்டிருந்தார். குரலில் பயம் தெரிந்தது.

இளமாறன் அதை இன்னொரு முறை போடச் சொன்னான். கேட்டு முடித்துவிட்டு முகத்தை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தான்.

"சம்மதம்னு எழுதித் தர்றேன்க்கா. அப்புறம் வர்றதை நான் பாத்துக்கறேன்."

"தனியா ஏன் பாக்கணும்?" என்றாள் ரூபி. "நாங்க இருக்கோம்ல."

வந்தது சின்ன விஷயமாக இல்லை. புதிய உரிமத்தின்படி, ஒப்பந்தம் இருக்கும்வரை புதிய பதிப்பை அலைநிரலே விநியோகிக்க முடியாது. சில வாடிக்கையாளர்கள் விலகினார்கள். நல்ல பொறியாளர் ஒருவர் வேறு வேலைக்குப் போனார். இளமாறன் அந்தப் பெரிய நிறுவனத்தோடு மாதக்கணக்கில் இழுபறியாகப் பேசினான். பரீதா ஒவ்வொரு வரியையும் பார்த்துக் கொடுத்தாள். அதே சமயம் மாடியில் கூடியவர்கள் அந்த நிறுவனத்தை எதிர்த்து ஊர் ஊராகக் கடிதம் எழுதினார்கள். நூலக அரங்கு ஒன்றில் நடந்த கூட்டத்தில் ரூபியும் பேசினாள். பேப்பரைப் பார்த்துத்தான் பேசினாள். "நான் குரலைத் தானமா கொடுத்தப்ப, பணம் கட்டினவங்க மட்டும் கேக்கலாம்னு சொல்லிக் கொடுக்கல," என்று அவள் சொன்னபோது பின்வரிசையில் யாரோ தட்ட ஆரம்பித்தார்கள்.

கடைசியில் அந்த நிறுவனம் பாதி வழி இறங்கி வந்தது. செவிவழியை உலகில் எவர் பயன்படுத்தினாலும், எவருக்குக் கொடுத்தாலும் வழக்கில்லை என்று பொதுவில் அறிவித்தது. மற்ற மென்பொருள்களுக்குப் பழைய ஒப்பந்தம் அப்படியே இருந்தது. அது பரீதாவுக்குப் போதவில்லை, இன்றைக்கும் எழுதிக்கொண்டிருக்கிறாள். ரூபிக்கும் போதவில்லைதான். ஆனால் மட்டக்களப்பு ஆசிரியைக்கு, "எதையும் அழிக்க வேண்டாம் டீச்சர்," என்று பதில் அனுப்பிய அன்று அவள் நன்றாகத் தூங்கினாள்.

ஒப்பந்தக் காலம் முடிந்தபோது இளமாறன் அதைப் புதுப்பிக்கவில்லை. அதைக்கூட அவன் பெரிதாக அறிவிக்கவில்லை. பிடோக் உணவங்காடியில் மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "போன வாரம் விட்டுட்டேன்க்கா," என்றான், இட்லியைப் பிட்டுக்கொண்டே.

"பயமா இல்லையா?" என்று ஜார்ஜ் கேட்டார்.

"இருக்குண்ணே."

ஜார்ஜ் மேசை மேல் கையை நீட்டித் துழாவினார். இளமாறன் சாம்பார் ஒட்டியிருந்த தன் கையை அவசரமாகத் துடைத்துவிட்டு அவரிடம் கொடுத்தான். ஜார்ஜ் அதைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அவன் முதுகைத் தட்டினார். ரூபி எழுந்து, எல்லாருக்கும் இன்னொரு சுற்றுக் காப்பி வாங்கப் போனாள்.