தாம்பாளத்தில் வைத்த பணம்

கணவர் திருநாராயணனுக்குக் கண் பார்வை மங்கியபோது, இனி வண்டியை நான் ஓட்டுகிறேன் என்று ஸரஸா மாமி கிளம்பினாள். ஐம்பத்தாறு வயது. பயிற்சிப் பள்ளிக்காரர் தலையில் அடித்துக்கொள்ள அடித்துக்கொள்ளக் கற்றுக்கொண்டாள். சேமிப்பில் பெரும்பகுதி போய் ஒரு சின்னக் கார் வந்தது. யார் தயவுமின்றி அவரை மேலுகோட்டைக்கு அழைத்துப்போய்ச் செல்வப்பிள்ளைப் பெருமாளைச் சேவித்துத் திரும்புவாள். குடியிருக்கும் விஜயநகரில் அவசரத்துக்கு யார் கேட்டாலும் அந்தக் காரைக் கொடுத்தாள்.

எதிர் வீட்டுப் பாலசந்திரனும் கேட்டார். மகள் ஹம்ஸாவின் நிச்சயதார்த்தம் கொள்ளேகாலில். சாவி வாங்க வந்த அவர் மனைவி திரிபுரசுந்தரி ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, தேங்காய், மஞ்சள், குங்குமம் வைத்து, மேலே கொஞ்சம் பணமும் வைத்திருந்தாள். சுபகாரியத்துக்கு வண்டி வாங்கும்போது வெறுங்கையோடு வாங்குவதில்லை என்பது அவர்கள் வழக்கம். மாமி வேண்டாம் என்றாள். பிடிவாதமாக மறுத்தால் அவமதித்ததாகிவிடும் என்று பிறகு எடுத்துக்கொண்டாள்.

திரும்பும் வழியில், நின்றிருந்த கரும்பு லாரியின் பின்னால் கார் மோதியது. ஆட்களுக்குச் சிராய்ப்புதான். காரின் முன்பக்கம் அப்பளமாக நொறுங்கிவிட்டது.

இன்சூரன்ஸ் கம்பெனி சார்பில் விசாரிக்க வந்த மாதப்பன் கொள்ளேகால்காரன். கன்னட ஊரில் அவன் தமிழைக் கேட்டதும் மாமிக்கு உச்சி குளிர்ந்தது. காபி கொடுத்தாள். அவன் சொல்லிவிட்டே செல்போனில் பதிவு செய்தான்.

"வண்டியச் சும்மாவாங்க குடுத்தீங்க?"

"சும்மாதான்ப்பா. ஆனா அவா வெறுங்கையோட வாங்கிக்கறவா இல்லே. தாம்பாளத்துல பணம் வெச்சுத்தான் சாவிய வாங்கிண்டா."

பெருமையாகவே சொன்னாள்.

சொந்த உபயோகத்துக்கான காரை வாடகைக்கு விட்டிருக்கிறீர்கள், இழப்பீடு கிடையாது என்று கம்பெனி எழுதியது. ஆட்சேபம் இருந்தால், வண்டியை வாங்கிப்போனவர்களின் எழுத்துமூலமான விளக்கத்தோடு முறையிடலாம். கைப்பணத்தில் சரிசெய்ய மாமியால் முடியாது. கம்பெனி மனம் மாறாவிட்டால் கார் பழைய இரும்புக்குத்தான்.

எதிர் வீட்டுக்குப் போனாள். பாலசந்திரன் ஒரு காகிதத்தை நீட்டினார்.

"எழுதியே வெச்சுட்டேன், மாமி. பணமே குடுக்கலேன்னு. அனுப்பிடுங்கோ."

மாமி காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "என் வாயாலயே சொல்லியிருக்கேனே! அவன் போன்ல இருக்கே!"

"உங்கள யார் சொல்லச் சொன்னா? காபியக் குடுத்து அனுப்பாம!"

"கேட்டான், சொன்னேன்."

"ஒள்ளே கதெ! நல்ல கதையா இருக்கே! குடுத்தேன்னு எழுதினா வாடகைம்பான். குடுக்கலேன்னா நீங்க பொய் சொன்னதா ஆகும். நான் எதத்தான் எழுதறது?"

"நடந்தத எழுதுங்கோ. வெத்தலை பாக்கோட வெச்சேள்னு."

"அதெல்லாம் அவாளுக்கு எங்க புரியும்? என் தலைமேல கேஸத் திருப்பினா? ரிடையராகப் போறவன் நான். ஹம்ஸா கல்யாணம் வேற இருக்கு."

காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மாமி எழுந்து வாசல் வரை வந்துவிட்டாள்.

"மாமி, நில்லுங்கோ." திரிபுரசுந்தரி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே சமையலறையிலிருந்து வந்தாள். "தாம்பாளத்த எடுத்துண்டு போனது நான்தானே? நான் எழுதறேன்."

"சுந்தரி, நீ சும்மா இரு!"

"சும்மா இருந்துட்டு நாளைக்கு இவா மூஞ்சில எப்படி முழிக்கறது?"

அவளுக்குக் கன்னடத்தில்தான் எழுத வரும். தாம்பாளத்தில் வைத்த ஒவ்வொன்றையும், பணத்தையும் சேர்த்து எழுதினாள். மஞ்சள் குங்குமத்தோடு யாராவது வாடகை கொடுப்பார்களா என்று கேட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

"இது போதுமா, சுந்தரி? கம்பெனிக்காரா ஒத்துப்பாளா?"

"தெரியலே, மாமி."

கடிதத்தைக் கம்பெனிக்கு அனுப்பியாயிற்று. பதில் இன்னும் வரவில்லை. மாமி தெருவில் தென்பட்டால் பாலசந்திரன் வீட்டுக்குள் திரும்பிவிடுகிறார். மாடியில் துணி உலர்த்தும் திரிபுரசுந்தரி மட்டும், ஏதாவது தெரிந்ததா என்று சைகையில் கேட்கிறாள். மாமி கையை விரிக்கிறாள்.