தீர்மானப் புத்தகம் படித்த ஸரஸா

மைசூர் கிருஷ்ணமூர்த்திபுரத்தில் ஸரஸா டீச்சரைத் தெரியாதவர்கள் குறைவு. பெண்கள் மிடில் ஸ்கூலில் பதினாறு வருஷமாகக் கணக்கு சொல்லிக்கொடுத்துவந்தவள். மேலுகோட்டையிலிருந்து வந்த ஐயங்கார் குடும்பம். கணவர் பராசரன் ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா. அவர்கள் குடியிருந்த வீடு ஸரஸாவின் அப்பா அவள் பேருக்கு எழுதிவைத்தது. வீட்டு வரி கட்டுகிறவர்களுக்குத்தான் நகரசபைத் தேர்தலில் ஓட்டு. அதனால் அந்த வீட்டில் ஓட்டு ஸரஸாவுக்கு, பராசரனுக்கு இல்லை.

1938 தேர்தலில் வக்கீல் செலுவநாராயணன் இரண்டாம் தடவையாக நின்றான். பராசரனுக்குச் சித்தப்பா பிள்ளை. அவனுடைய நோட்டீஸ் வீடு வீடாக வந்தது. 'உங்கள் குழந்தைகளின் பாதுகாப்பே என் முதல் கடமை' என்று கொட்டை எழுத்தில் போட்டு, அதன் கீழே டெண்ட் சினிமா தீ விபத்தைப் பற்றி உருக்கமாக நாலு வரி.

அந்தத் தீ இரண்டு வருஷத்துக்கு முந்தையது. சந்தை மைதானத்துக் கொட்டகையில் பிலிம் சுருள் பற்றி, கூரைக் கீற்று பிடித்துக்கொண்டது. உள்ளே போக வர ஒரே வாசல். டிக்கெட் இல்லாமல் ஆள் நுழைகிறது என்று பின்பக்கத்தை மூங்கில் தட்டியால் அடைத்துக் கட்டியிருந்தார்கள். அந்தத் தட்டியின் ஓரத்தில்தான் ஒன்பது பேர் கிடந்தார்கள். அதில் ஒருத்தி பூக்காரி லிங்கம்மாவின் மகள் மாதேவி, ஸரஸாவின் வகுப்புப் பெண்.

தெருப் பெண்கள் ஸரஸாவிடம் வந்து, மச்சுனர் நிற்கிறாரே, அவருக்கே போட்டுவிடலாமா என்று கேட்டார்கள். சபையில் அவன் என்ன பேசினான் என்பதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள் அவள். எங்கே பார்ப்பாய் என்று யாரும் கேட்கவில்லை. வேடிக்கையாகச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமை அரைநாள் பள்ளி முடிந்ததும் அவள் நகரசபை ஆபீஸுக்குப் போனாள். கூட்டத் தீர்மானங்களை வரி கட்டுகிறவர் யாரும் வந்து பார்க்கலாம் என்று சட்டத்திலேயே இருந்தது. பார்க்கத்தான் யாரும் வந்ததில்லை. ரெக்கார்டு அறையில் இருந்த கெம்பையன், தமிழ் புழங்கும் எல்லைப்பக்கத்து ராமாபுரத்துக்காரர். அவள் கன்னடத்தில் கேட்டபோது தலையைச் சொறிந்தார். பராசரனின் பேரைச் சொல்லும்போது நாக்கில் தமிழ் தட்டியதும் முகம் மலர்ந்து தமிழுக்கு மாறினார்.

"ஏனுங்க அம்மணி, பொறப்புப் பதிவா, சாவுப் பதிவா? பொம்பளையாளுக அதுக்குத்தானுங்க வருவாங்க" என்றார்.

கூட்டப் புத்தகம் என்றாள். அவர் பரணிலிருந்து இறக்கித் துடைத்துக் கொடுத்தார். தாளுக்குத் தாள் பூச்சி அரித்த ஓட்டை. மைப்பெட்டி வாடையும் எலிப்புழுக்கை வாடையும் கலந்து வந்தது. அவள் முக்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகத் தள்ளினாள்.

தீ விபத்துக்கு எட்டு மாசம் முன்னாலேயே சுகாதார அதிகாரி ஒரு விதி எழுதிக் கொடுத்திருந்தார். டெண்ட் கொட்டகைக்கு இரண்டு வாசல் வேண்டும், கீற்றுக்குப் பதில் தகரம் வேண்டும், மணல் வாளி வேண்டும். அதைத் தள்ளிவைக்கும்படி பிரேரேபித்தவர் திரு. செலுவநாராயணன். அடுத்த கூட்டத்திலும் அவனேதான். மூன்றாம் கூட்டத்தில் அவன் சொன்ன காரணத்தையும் யாரோ ஒரு எழுத்தர் மெனக்கெட்டு எழுதிவைத்திருந்தார்: 'படம் பார்க்கப் போகிறவர்கள் தங்கள் பொறுப்பில் போகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் வரி செலுத்துவோர் அல்லர்.'

ஸரஸா அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். பிறகு தீ விபத்துக்கு அடுத்த வாரத்துக் கூட்டத்தைத் தேடி எடுத்தாள். முதல் பொருள் அனுதாபத் தீர்மானம். கொண்டுவந்தவன் செலுவநாராயணன், எல்லாரும் எழுந்து ஒரு நிமிஷம் மௌனமாக நின்றார்கள். ஏழாவது பொருள் கொட்டகை விதி. ஆலோசித்து முடிவு செய்ய மறு கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. பிரேரேபித்தவனும் அவனே. அதற்குப் பிறகு அந்த விதி எந்தக் கூட்டத்திலும் தலைகாட்டவில்லை.

அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. சோற்றில் புழுவைக் கண்டவளுக்கு வருகிற குமட்டல்தான் வந்தது. நாலு பக்கத்தையும் தன் கையால் நகல் எடுத்தாள். கெம்பையன் ஒப்பிட்டுப் பார்த்து முத்திரை குத்தினார். குத்திவிட்டு, "எம்பட பொண்ணும் அன்னிக்குப் போறேன்னு அழுதாளுங்க அம்மணி. காய்ச்சல்னு அனுப்புல" என்றார்.

மறுநாள் காலை செலுவநாராயணன் ஓட்டுக் கேட்டு வந்தான். பராசரன் நாற்காலி போட்டார். காபி குடித்து முடிக்கும் வரை ஸரஸா பொறுத்திருந்து, நகலை அவன் மடியில் வைத்தாள். வக்கீல் அல்லவா, வேகமாகப் படித்தான். முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

"மீட்டிங்லே ஆயிரம் பேசறோம் மன்னி. யாராவது படிப்பான்னா இதையெல்லாம் எழுதி வைக்கறா? சும்னே மனசைக் குழப்பிக்காதீங்கோ."

"நான் படிச்சேன், செலுவா."

"கொட்டகைக்காரர் எங்கிட்ட கேஸ் கொடுக்கற கட்சிக்காரர். நான் என்ன பண்ணட்டும்?"

அவன் வெட்கப்படுவான் என்றுதான் அவள் அதுவரை எதிர்பார்த்திருந்தாள். அவனோ கணக்குத் தப்பாகப் போட்ட குழந்தையைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்துச் சிரித்தான். அவன் போனதும், குடும்பத்துக்குள் இது வேண்டாமே என்று பராசரன் மெல்லச் சொன்னார். அவள் நகலை எடுத்து மடித்துவைத்தாள். அன்று அவளால் சாப்பிட முடியவில்லை.

அந்த வாரம் முழுக்க அவள் தெருத் தெருவாகப் போய் நகலைப் படித்துக் காட்டினாள். சிலர் நகலை வாங்கித் தாங்களே படித்துப் பார்த்தார்கள். சிலர், அவரில்லாவிட்டால் இன்னொருத்தர், எல்லாரும் ஒரே குட்டையில் ஊறின மட்டைதானே என்றார்கள். ஒரு மாமி, சொந்த மனுஷரைப் போய் இப்படித் தூற்றலாமா என்று அவளையே கண்டித்தாள். லிங்கம்மாவிடமும் போனாள். லிங்கம்மாவுக்கு ஓட்டு இல்லை. ஆனால் செலுவநாராயணன் அவளையும் விட்டுவைக்கவில்லை. புடவை வாங்கிக் கொடுத்து, இரண்டு கூட்டங்களில் மேடையேற்றி, கும்பிடவைத்திருந்தான். நகலைக் கேட்டபின் அவள் அந்தப் புடவையைக் கொண்டுபோய் அவன் வீட்டு வாசலில் போட்டுவிட்டு வந்தாள்.

முப்பத்தேழு ஓட்டு வித்தியாசத்தில் செலுவநாராயணன் ஜெயித்தான்.

புதிய சபையின் முதல் கூட்டத்துக்கு ஸரஸா லீவு போட்டுப் போனாள். பார்வையாளர் பெஞ்சில் அவளும் லிங்கம்மாவும் மட்டும். லிங்கம்மா மடியில் அந்த முத்திரை போட்ட நகல். செலுவநாராயணன் உள்ளே வந்தான், இருவரையும் பார்த்தான், கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து, ஒன்பது உயிர்களின் நினைவாகக் கொட்டகை விதியைத் தானே கொண்டுவருவதாகத் தழுதழுத்த குரலில் சொன்னான். எல்லாரும் மேஜையைத் தட்டினார்கள். ஒருவர்கூட எதிர்க்கவில்லை. அஞ்சு நிமிஷத்தில் நிறைவேறியது.

"அஞ்சு நிமிஷ வேலையாம்மா இது?" என்று லிங்கம்மா கேட்டாள்.

ஸரஸா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் பத்திரிகையில் அவன் படம் வந்தது. ஊரிலிருந்த கொட்டகைகளில் இரண்டாம் வாசல் வெட்டினார்கள், தகரம் போட்டார்கள். பள்ளியில் எல்லாரும் ஸரஸாவைப் பாராட்டினார்கள். அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. அந்தத் தழுதழுத்த குரல்தான் காதில் நின்றது.

அதற்குப் பிறகும் மாசத்துக்கு ஒரு சனிக்கிழமை அவள் ரெக்கார்டு அறைக்குப் போவதை நிறுத்தவில்லை. கெம்பையன் அவளுக்கென்று ஜன்னலோரத்தில் ஒரு மேஜை போட்டுவைத்தார். உறுப்பினர்கள் பேசும்போது, என்ன எழுதுகிறாரோ என்று எழுத்தரைத் திரும்பிப் பார்த்துப் பேசத் தொடங்கியிருக்கிறார்கள் என்று அவர்தான் ஒருநாள் வந்து சொன்னார்.