பன்னிரண்டு பேர் பட்டியல்

வெளிநாட்டில் வேலை பார்ப்பவருக்குச் சம்பளம் அங்கே வரும், கரண்ட் பில் இங்கே வரும். இந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து பிழைப்பதுதான் என் தொழில். பூதலூரில் ஒரு வங்கிக் கிளைக்கு எதிரே, ஒரு மேஜையும் இரண்டு நாற்காலியும் கொள்ளும் கடை. சுற்றுவட்டத்திலிருந்து குவைத், சிங்கப்பூர், மஸ்கட் என்று போனவர்களின் வீட்டு மின்கட்டணம், நிலவரி, காஸ், வங்கி மனு எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

அதற்கு முன் நாற்பது வருஷம் விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் இருந்தேன். எட்டாவதுக்கு மேல் நான் படித்ததெல்லாம் துண்டறிக்கைதான். என்னோடு கோஷம் போட்டவர்களில் சிலர் காண்டிராக்டர் ஆனார்கள், கார் வாங்கினார்கள். நான் வாங்கவில்லை. இதைப் பெருமையாகவே சொல்கிறேன், ஏனென்றால் இனிமேல் சொல்லப்போவதில் பெருமைப்பட அதிகம் இல்லை. உங்கள் வீட்டிலும் ஒருவர் கடல் தாண்டி இருப்பார், அவருடைய கணக்குக்காக நீங்களும் வங்கியில் கால் கடுக்க நின்றிருப்பீர்கள் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

பிஸ்கட் டின்

என் மேஜைக்கு அடியில் ஒரு பெரிய பிஸ்கட் டின் இருக்கிறது. அதற்குள் பன்னிரண்டு பட்டன் போன். ஒவ்வொன்றின் முதுகிலும் பிளாஸ்திரி ஒட்டிப் பேரும் நாடும் எழுதியிருக்கிறேன். வங்கிக் கணக்கு நம் ஊர் நம்பரில் இருக்கிறது, ஆள் அங்கே இருக்கிறார், ஓ.டி.பி. வந்து விழுவது இந்த டின்னுக்குள். அவர்கள் அங்கிருந்து கூப்பிடுவார்கள், நான் எண்ணைப் படித்துச் சொல்வேன். 'இதை யாரிடமும் சொல்லாதீர்கள்' என்று அந்தச் செய்தியிலேயே இருக்கும். அதையும் சேர்த்தே படித்துச் சொல்வேன்.

ஒருநாள் மத்தியானம் சோற்றில் கை வைத்த நேரத்தில் குவைத்திலிருந்து அமலி வாட்ஸ்அப் வீடியோவில் கூப்பிட்டாள். அங்கே ஒரு வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள். அவளுடைய அப்பா அந்தோணி சங்கத்தில் என்னோடு கொடி பிடித்தவர். அவர் இறந்த பிறகும் அவள் என்னைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவாள். ஓ.டி.பி.க்கு ஆயுசு கொஞ்சம். எச்சில் கையோடு டின்னைக் கவிழ்த்தேன், கண்ணாடி அகப்படவில்லை, கைக்கு வந்த போனை எடுத்து எண்ணைப் படித்தேன். வீடியோவில் அதன் முதுகுப் பிளாஸ்திரியைப் பார்த்து அவள் சிரித்துவிட்டாள். "சித்தப்பா, அது மஸ்கட்காரர் போனு. என் போன் முதுகுல மாதா படம் ஒட்டியிருக்கேன், கண்ணாடி இல்லாட்டியும் தடவிப் பாத்தாலே தெரியும்."

கேட்டு

இதே வங்கியின் கேட்டை ஒரு காலத்தில் நான் பூட்டியிருக்கிறேன். தண்ணீர் வராமல் குறுவை கருகிப்போன வருஷம், குத்தகை விவசாயிகளிடம் கடன் வசூலிக்காதே என்று ஊர்வலமாக வந்து, வெளியே சங்கிலி போட்டுச் சாவியை என் பையில் வைத்துக்கொண்டேன். உள்ளே மேனேஜர், வெளியே நான். சாயங்காலம்வரை அவர் டீ குடிக்கக்கூட வெளியே வரவில்லை.

இப்போது அதே வங்கிக்குள் டோக்கனோடு உட்கார்ந்திருக்கிறேன். என்னைவிட முப்பத்தைந்து வயது இளைய மேனேஜர் அம்மா தலை நிமிர்ந்தால் எழுந்து நிற்கிறேன், "மேடம், ஒரே நிமிஷம் மேடம்" என்று குழைந்து சிரிக்கிறேன். அந்தச் சிரிப்பு என் முகத்துக்கு எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது. பழைய ஆள் என்று அங்கே மிச்சம் இருப்பவர் அட்டெண்டர் பக்கிரிசாமி மட்டும்தான். ஒருநாள் டீ டம்ளரோடு என் பக்கத்தில் வந்து நின்றார். "அன்னைக்கு மேனேஜர் உள்ளேருந்து உங்களைக் கும்பிட்டாரு தோழரே. கேட்டு அதேதான், கும்பிடுற ஆளுதான் மாறிப்போச்சு."

பூட்டிய வீட்டில் கரண்ட்

சிங்கப்பூரில் இருக்கும் கணேசனின் வீடு புது ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம். இரண்டு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. ஆனால் மின்கட்டணம் மட்டும் ஆள் குடியிருக்கிற மாதிரி வந்துகொண்டே இருந்தது. போய்ப் பாருங்கள் என்றான். போனேன். கொல்லைப்புற ஜன்னல் வழியாக ஒரு ஒயர் புறப்பட்டு, வேலி தாண்டி, அவனுடைய பெரியப்பா மகன் வீட்டு ஃபிரிட்ஜுக்குப் போயிருந்தது.

எனக்கு ரத்தம் சூடேறியது. அடுத்தவன் உழைப்பில் வாழ்வது எவ்வளவு பெரிய கேவலம் என்று வாசலில் நின்று பத்து நிமிஷம் பேசினேன். அந்த ஆள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "இலவச மின்சாரம் கேட்டு இந்த முக்குலதான் நீங்க மேடை போட்டுப் பேசினீங்க தோழரே. நான் கேட்காமலே எடுத்துக்கிட்டேன், அவ்வளவுதானே?"

கூட்டு மனு

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வங்கியில் ஒரே காகிதத்தைப் பத்துத் தடவை கேட்பார்கள். ஆதார் நகல் கொடுத்தால் மறுமாசம் மறுபடி ஆதார் நகல். ஆள் நேரில் வரணும் என்பார்கள். குவைத்திலிருந்து கையெழுத்துப் போட எப்படி வருவது? ஒவ்வொருவருக்காகவும் தனித்தனியாகக் கெஞ்சி எனக்கு அலுத்துவிட்டது. தனித்தனியாகக் கேட்டால் விரட்டுவான், சேர்ந்து கேட்டால் உட்கார வைப்பான் என்றுதான் சங்கத்தில் நான் நாற்பது வருஷம் சொல்லிக்கொடுத்தேன். அதையே செய்தேன்.

'வெளிநாடு வாழ் வாடிக்கையாளர்களின் கூட்டுக் கோரிக்கை மனு' என்று தலைப்பு. ஏழு கோரிக்கைகள். கீழே பன்னிரண்டு பேரின் பெயர், எந்த நாட்டில் எத்தனை வருஷமாக இருக்கிறார், கணக்கு எண், வாட்ஸ்அப்பில் வாங்கி அச்சடித்த கையெழுத்து. யாருக்கும் முன்னுரிமை வேண்டாம் என்று அகர வரிசையில் போட்டேன். பட்டியலில் யாரும் சும்மா பேராக நிற்கக் கூடாது, ஒவ்வொரு ஆளையும் விவரத்தோடு நிறுத்த வேண்டும். அது என் பழைய வழக்கம். நகலில் வங்கி முத்திரை கேட்டு வாங்கி, கடைச் சுவரில் ஒட்டினேன். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். மேனேஜர் அம்மா மனுவை இரண்டு தடவை படித்துவிட்டுச் சொன்னதும் எனக்குப் பாராட்டாகவே கேட்டது. "சார், இதை நீங்களே எழுதினீங்களா? எல்லா விவரமும் ரொம்பத் தெளிவா இருக்கு."

சர்வர்

இரண்டு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை அமலி கூப்பிட்டாள். மகள் ஜெனிக்குத் தஞ்சாவூரில் நர்சிங் சீட்டு கிடைத்திருந்தது. சனிக்கிழமைக்குள் கட்டணம் கட்டாவிட்டால் சீட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடும். மூன்று வருஷம் ஊர்ப்பக்கம் வராமல் அமலி இந்தக் கணக்கில் சேர்த்து வைத்ததே இதற்காகத்தான். மாதா படம் ஒட்டிய போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஓ.டி.பி. வரவில்லை. எதிரே வங்கிக்கு ஓடினேன்.

மேனேஜர் அம்மா கோபப்படாமல் விளக்கினார். வெளிநாட்டில் குடியிருப்பவர் சாதாரண சேமிப்புக் கணக்கு வைத்திருக்கக் கூடாதாம். அதை வெளிநாட்டில் இருப்பவருக்கான கணக்காக மாற்ற வேண்டுமாம். அதற்குப் பாஸ்போர்ட், விசா நகல்களில் அங்கே சான்று வாங்கி, அசல் கையெழுத்தோடு விண்ணப்பம் தபாலில் வரவேண்டுமாம். அதுவரை பன்னிரண்டு கணக்கும் முடக்கம். இத்தனை காலம் வங்கியும் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை, வண்டி ஓடியது. நான்தான் எழுதிக் கொடுத்து நிறுத்தினேன். "நீங்க எழுத்துல குடுத்தப்புறம் தெரியாத மாதிரி நான் இருக்க முடியாது சார்" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

ஒரு நடவுக் கூலிப் போராட்டத்தின்போது என்னைப் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைத்து, யார் யார் இருந்தீர்கள், பேரைச் சொல் என்று இரண்டு நாள் கேட்டார்கள். இரண்டு பல் போனது, ஒரு பேர்கூடப் போகவில்லை. ஊரில் இன்றைக்கும் அதைச் சொல்வார்கள். வங்கியிலிருந்து வெளியே வந்து அமலிக்குப் போன் செய்தேன். உண்மையைச் சொல்ல வாய் எடுத்தேன். "சர்வர் கோளாறும்மா, நாளைக்குச் சரியாயிடும்" என்று வந்தது. புதன்கிழமையும் அதையே சொன்னேன், வியாழக்கிழமையும் அதையே சொன்னேன். அவள் நம்பினாள். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பக்கிரிசாமிதான் தாங்கமாட்டாமல் சொன்னார்: "போலீஸ்காரன் அடிச்சுக் கேட்டும் கிடைக்காத பட்டியலை, நீங்க முத்திரை வாங்கிக் குடுத்திருக்கீங்க தோழரே. அதை அந்தப் பொண்ணுகிட்டயாவது சொல்லுங்க."

சுவரில் ஒட்டியது

வெள்ளிக்கிழமை காலையில் ஜெனி நேரில் வந்துவிட்டாள். கையில் கல்லூரிக் கடிதம். நாற்காலியில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "சர்வர் வந்துடுச்சா தாத்தா?" என்றாள். இப்போது வரும், சாயங்காலம் வரும் என்று டின்னைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

அவள் பார்வை சுவருக்குப் போனது. அந்த மனுவைக் கிழித்தெறிய எனக்கு நாலு நாள் இருந்தது, கிழிக்கவில்லை. முத்திரை குத்திய காகிதத்தைக் கிழித்து எனக்குப் பழக்கமில்லை. அவள் கிட்டே போய், ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். ஏழு கோரிக்கையும் படித்தாள், பட்டியலுக்கு வந்தாள். முந்தின நாள் சாயங்காலம் வங்கியில் விசாரித்திருக்கிறாள் போலிருக்கிறது, கணக்கு ஏன் முடங்கியது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. யார் எழுதிக் கொடுத்தது என்பதுதான் தெரியாமல் இருந்தது. திரும்பி என்னைப் பார்த்தாள். சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "தாத்தா, இதுல எங்க அம்மா பேருதான் முதல்ல இருக்கு."

வெள்ளிக்கிழமை போன்

அவள் எதிரிலேயே அமலிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மனு, பட்டியல், சர்வர் பொய், எதையும் விடவில்லை. அந்தப் பக்கம் குழந்தை ஒன்று அரபியில் அழுதுகொண்டிருந்தது. அமலி அதைச் சமாதானப்படுத்திவிட்டு மறுபடி லைனுக்கு வந்தாள். செவ்வாய்க்கிழமையே தெரிந்திருந்தால், அங்கே உடன் இருக்கும் நாலு பெண்களிடம் சம்பளம் கையில் இருந்தது, திரட்டியிருப்பேன் என்றாள். வியாழக்கிழமை எல்லாரும் அதை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். இனி வீட்டு எஜமானியிடம்தான் கேட்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் மறுபடி கூப்பிட்டாள். எஜமானி முன்பணம் தரச் சம்மதித்துவிட்டார், கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகும் லீவை விட்டுக்கொடுத்தால். டிக்கெட்டை ரத்து செய்தாயிற்று. சாயங்காலம் ஜெனி கணக்குக்குப் பணம் வந்தது, சீட்டு கைவிட்டுப் போகவில்லை.

மன்னித்துக்கொள் என்று சொல்ல எனக்குத் தெரியாது. துண்டறிக்கையில் அந்த வார்த்தை வராது. "வையிம்மா என்னை நாலு வார்த்தை" என்றேன். அவள் வையவில்லை. "அப்பாவைப் போலீஸ் கூட்டிட்டுப் போன அன்னைக்கு நீங்கதான் நேரா வீட்டுக்கு வந்து, அடிக்கிறாங்கம்மா, உசுருக்கு ஒண்ணுமில்லன்னு அம்மாகிட்ட சொன்னீங்க. அந்த உண்மைக்கே நாங்க தாங்கினோமே சித்தப்பா, இதுக்கா தாங்கமாட்டோம்? சரி விடுங்க, என் போனைச் சார்ஜ் போட்டு வைங்க, அடுத்த ஃபீஸுக்கு ஓ.டி.பி. வரும்."

நாற்பது வருஷம் ஊரார் தப்பையெல்லாம் ஒரே ராத்திரியில் அச்சடித்துக் காலையில் விநியோகித்த எனக்கு, என் தப்பு ஒன்றை ஒரே ஒரு ஆளிடம் சொல்ல நாலு நாள் பிடித்தது.