லேபல் இல்லாத புட்டிகள்

புக்கிட் தெங்காவில் உலோக உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் எனக்குப் பாதுகாப்பு அதிகாரி வேலை. யாராவது கையுறை போடாமல் அமிலத்தைத் தொட்டால் எச்சரிக்கை எழுதிக் கொடுப்பேன். லேபல் ஒட்டாத புட்டியில் எதையாவது ஊற்றி வைத்திருந்தால் படம் பிடித்து, மறுநாள் காலைக் கூட்டத்தில் எல்லாருக்கும் காட்டுவேன். பதினொரு வருடமாக இதுதான் என் பிழைப்பு.

அந்த வருடங்களில் பெரும்பகுதி, பாலத்துக்கு அப்பால் தீவில், ஜெலுத்தோங்கில் எங்கள் ஃப்ளாட்டின் குளியலறை மூலையில் இரண்டு மூன்று மினரல் வாட்டர் புட்டிகள் நின்றுகொண்டிருந்தன. லேபல் கிடையாது. உள்ளே இருந்தது தொழிற்சாலையில் துருவும் கறையும் நீக்கப் பயன்படும் அமிலக் கரைசல். டிரம்மின் அடியில் மிஞ்சுவது எப்படியும் கழிவுக்குத்தானே போகிறது என்று ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துப் போவார்கள். நானும் எடுத்தேன். கழிவறையில் ஊற்றி ஐந்து நிமிடம் விட்டால் மஞ்சள் கறை இருந்த இடம் தெரியாது. என் மனைவிக்கு அதில் ஒரு பெருமை. சிம்பாங் அம்பாட்டில் இருக்கும் தன் அக்காவுக்கும் ஒரு புட்டி கொடுத்தனுப்பியிருந்தாள்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஓவர்டைம். பகல் பதினொரு மணி வாக்கில் மகள் போனில் கூப்பிட்டாள்.

“ப்பா, அம்மா மூச்சு விட முடியாம இருமறாங்க. பாத்ரூம்ல ஒரு மாதிரி நாத்தம்.”

என்ன ஊற்றினாள் என்று கேட்டேன்.

“உங்க புட்டி. அப்புறம் அது மேலயே ப்ளீச்.”

அமிலத்தின் மேல் ப்ளீச் விழுந்தால் என்ன வாயு கிளம்பும் என்பதை வருடத்துக்கு இரண்டு முறை படம் போட்டு விளக்குகிறவன் நான். உள்ளே போகாதே, எல்லா ஜன்னலையும் திற, அம்மாவைக் கீழே திறந்த வெளிக்கு அழைத்துக்கொண்டு போ என்றேன். தொழிற்சாலைப் பயிற்சியில் பேசுகிற அதே குரலில்தான் பேசினேன். மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

நான் பாலத்தைக் கடந்து தீவுக்குள் வந்து சேர்வதற்குள், எதிர்வீட்டுக்காரர் தன் காரில் அவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டிருந்தார். மனைவி முகத்தில் ஆக்சிஜன் மாட்டியிருந்தது. கண் இரண்டும் சிவந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வந்தாள், இருமல் விடவில்லை.

பணியில் இருந்த டாக்டர் தமிழ்ப்பெண். என்ன கலந்தார்கள் என்று தெரியுமா என்று கேட்டார். அமிலத்தின் பெயர், அதன் வீரியம், கிளம்பிய வாயு எல்லாவற்றையும் சொன்னேன். எழுதிக்கொண்டே வந்தவர் நிமிர்ந்தார்.

“உங்களுக்கு எப்படி இவ்வளவு விவரம் தெரியும்?”

“நான் ஃபேக்டரியில சேஃப்டி ஆபீசர் டாக்டர்.”

ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து மிச்சத்தை எழுதினார். இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஓர் இரவு வைத்திருந்து அனுப்பினார்கள். இருமல் மூன்று வாரம் நீடித்தது. அந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறவில்லை. முறுக்கும் நெய்யுருண்டையும் கடையில் வாங்கினோம்.

புட்டிகளை நான் சாக்கடையில் ஊற்றவில்லை. மனைவியின் அக்காவுக்குப் போன் செய்து, அந்தப் புட்டியைத் தொட வேண்டாம், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். எல்லாவற்றையும் சேர்த்துத் தொழிற்சாலைக் கழிவுக் கிடங்கில் ஒப்படைத்துவிட்டு, மேலாளரிடம் நடந்ததைச் சொன்னேன். எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இன்னொருவருக்கு நான் எழுதியிருந்தால் எந்த வாசகங்களை எழுதியிருப்பேனோ, அதே வாசகங்கள்.

அடுத்த ஞாயிறு, சமையலறைத் தொட்டிக்கு அடியில் இருந்தவற்றை வெளியே எடுத்து வரிசையாக வைத்து ஒவ்வொன்றின் லேபலையும் படித்தேன். குழாய் அடைப்பு நீக்கி, அடுப்பு மேடைக்கு அடிக்கும் ஸ்ப்ரே, பாச்சை உருண்டை. வீட்டில் இவ்வளவு இருப்பதே எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அவற்றோடு ப்ளீச்சையும் அப்புறப்படுத்தினேன். கறை தேய்க்க வினிகர் வாங்கப் போகிறேன்; அதுவும் அமிலந்தான், இரண்டும் ஒரே வீட்டில் வேண்டாம் என்று மகளிடம் விளக்கினேன். கடைசியில் வீட்டில் இருந்தது பாத்திரம் கழுவும் சோப்பு, சோடா மாவு, வினிகர், ஒரு நல்ல பிரஷ். குளியலறை கழுவும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

மனைவி வாசலில் நின்று பார்ப்பாள்.

“மணமே இல்லையே. கழுவுனீங்களா இல்லையா?”

“கழுவினேன்.”

“மஞ்சக்கோடு அப்படியே இருக்குலா.”

இருக்கத்தான் செய்தது. வினிகரில் நனைத்த துணியை இரவு முழுக்க அதன் மேல் போட்டுவைத்து, காலையில் தேய்த்தால் கொஞ்சம் மங்கும். அவ்வளவுதான். முழங்கை வலித்தது. இத்தனை வருடம் அவள் குனிந்து செய்த வேலை இது என்பது அப்போதுதான் உறைத்தது.

இரண்டு மூன்று வாரம் கழித்து ஒருநாள், நான் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அவள் திடீரென்று சொன்னாள்:

“நான் கலந்ததுனாலதான் இப்படி ஆச்சுன்னு நினைக்கிறீங்க. அதான் என்னைத் தொடவே விட மாட்டேங்கறீங்க.”

பிரஷைக் கீழே வைத்தேன்.

“இல்ல. கொண்டாந்தது நான். அது என்னன்னு உங்கிட்ட ஒருநாள்கூட சொல்லல. வேலை எடத்துல நூறு பேருக்குச் சொல்றேன்.”

அவள் உள்ளே வந்தாள். குழாயைத் திறந்து எனக்கு வாளியில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள்.

காலைக் கூட்டத்தில் இந்தக் கதையை, யாரோ ஒருவர் வீட்டில் நடந்ததாகத்தான் முதலில் சொன்னேன். பேக்கிங் பிரிவில் இருக்கும் ஓர் அக்கா கையைத் தூக்கி, அது யார் வீடு என்று கேட்டார். என் வீடு, இப்போது சோடா மாவும் வினிகரும்தான் என்றேன். யாரும் சிரிக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் அந்த அக்கா வந்து, சோடா மாவு எத்தனை கரண்டி போட வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டு போனார்.

மனைவிக்கு நுரையீரல் சரியாக இருப்பதாக டாக்டர் சொல்லிவிட்டார். புகைமூட்டம் வரும் நாட்களில் மட்டும் இருமுகிறாள். சில மாதங்களுக்கு முன் லாவெண்டர் மணம் போட்ட தரை துடைக்கும் திரவம் ஒன்றை வாங்கி வந்து, என் கையில் கொடுத்து லேபலைப் படிக்கச் சொன்னாள். படித்தேன். எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனாலும் ஜன்னலைத் திறந்து வைத்து, ஒரு வாளிக்கு அரை மூடி ஊற்றினால் போதும் என்றேன். வெள்ளிக்கிழமைகளில் அவளே ஊற்றித் துடைக்கிறாள்.