எஞ்சின் நின்ற கப்பலுக்கு ஒரு காகம்

அந்தக் கப்பலின் தொப்பியைக் கொண்டுவந்தவர் படகுக்கார நானா. திருகோணமலைத் துறைமுகத்தில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களுக்கு மரக்கறி, குடிதண்ணீர், காஸ் சிலிண்டர் என்று ஏற்றிப்போய்க் கொடுப்பது அவருடைய தொழில். கிண்ணியாக்காரர்; அங்கே முஸ்லிம் ஆட்கள் அண்ணனை நானா என்பார்கள். தன் படகில் வேலை செய்கிறவர்களுக்கு என்னிடம் ஒருதரம் தொப்பியில் எம்பிராய்டரி போடுவித்திருந்தார். அதிலிருந்து பழக்கம்.

அன்றைக்கு அவர் நீட்டியது டீசல் மணக்கிற ஒரு பழைய கறுப்புத் தொப்பி.

"தங்கச்சி, கப்டன்மாருடைய தொப்பியில தங்க இலை இருக்குமே, அது மாதிரி இதில போட ஏலுமா?"

"ஆருக்கு நானா? கப்டனுக்கோ?"

"இல்ல. குசினிக்காரனுக்கு."

கதையைச் சொன்னார். ஒரு சரக்குக் கப்பல் மாதக்கணக்காக விரிகுடாவில் நின்றது. கப்பலுக்குச் சொந்தம் கொண்டாடுகிறவர்களுக்குள் எங்கோ தூரதேசத்தில் வழக்கு. அது முடியும்வரை கப்பலும் நகர ஏலாது, ஆட்களும் கரையில் இறங்க ஏலாது. உள்ளே இருந்தவர்களில் சமையல்காரர்தான் முதலில் பேச்சை நிறுத்தினாராம். சமைத்து வைத்துவிட்டுப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். மற்றவர்களோடு இருந்து சாப்பிடுவதில்லை. அவரைக் குசினிக்குக் கப்டனாக்கிப் பார்ப்போம் என்று கூட வேலை செய்கிறவர்களுக்கு ஒரு யோசனை வந்திருக்கிறது.

நான் தொப்பியை வாங்கிப் புரட்டிப் பார்த்தேன். தொப்பியின் முன்பகுதியை மெஷினில் தைப்பது எனக்குப் பழகின வேலை. வளைவான சட்டத்தில் இறுக்கிப் பூட்டி, நடுவிலிருந்து இரண்டு பக்கமும் போகும்படி டிசைனை ஒழுங்குபடுத்தினால் துணி சுருங்காது. வெயில் மறைக்கிற மடல் அப்படியில்லை. அது கெட்டி. சட்டத்தில் பிடிபடாது, ஊசியை இறக்கினால் முறியும். அதனால் இலைகளைத் தனியாக ஒரு கறுப்புத் துணியில் தங்க நூலால் தைத்தேன். ஓரத்தைச் சூட்டுக்கத்தியால் வெட்டி மடலில் ஒட்டி, சுற்றிவரக் கையால் தையல் போட்டேன். முன்பக்கத்தில் நானா கேட்காத ஒன்றையும் சேர்த்துவிட்டேன். குறுக்காக இரண்டு அகப்பை.

சில நாட்கள் கழித்து என் போனுக்கு ஒரு குரல்பதிவு வந்தது. தெரியாத நம்பர்.

"வணக்கங்க்கா. நான் கப்பல்லேர்ந்து பேசுறேன். எஞ்சின் ரூம்ல வேலை. தூத்துக்குடிப் பக்கம் நமக்கு. தொப்பி வந்துச்சு. குக் அதப் போட்டுக்கிட்டு வெளிய வந்துட்டாரு. கப்டனே எந்திரிச்சு நின்னு சல்யூட் அடிச்சாரு. குக் சிரிச்சாருக்கா. இன்னைக்கு எங்ககூடதான் சாப்பிட்டாரு. அதச் சொல்லலாம்னுதான்."

நானும் குரலிலேயே பதில் சொல்ல நினைத்துப் பேசிப் பதிவுசெய்தேன். கேட்டுப் பார்த்தபோது கரகரவென்று யாரோ ஒரு வயதான மனுசியின் குரல் போலக் கேட்டது. அப்போது பின்னேரமாகியிருந்தது. காலையிலிருந்து நான் வாய் திறந்து ஒரு சொல்லும் கதைக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அதை அழித்துவிட்டு, தண்ணீர் குடித்து, தொண்டையைச் செருமி இன்னொருதரம் பேசி அனுப்பினேன். "சந்தோசம் தம்பி. எல்லாரும் சுகமா இருங்கோ" என்பதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

என்னுடைய நாட்கள் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தன. சண்டைக்குள் எங்கள் ஊர் சம்பூரிலிருந்து எழும்பி வந்த பிறகு கட்டுநாயக்காவில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். நீண்ட வரிசையாக எம்பிராய்டரி மெஷின்கள் ஓடுகிற மண்டபத்தில் என் வயதுப் பெண்கள் நிறையப் பேரோடு வருடக்கணக்காக நின்றேன். அப்பாவும் அம்மாவும் ஊருக்குத் திரும்பிப்போய் ஒருவர்பின் ஒருவராகக் கண்ணை மூடினார்கள். தங்கச்சி கலியாணம் கட்டி இத்தாலிக்குப் போனாள். நான் ஒற்றைத் தையல்தலை வைத்த ஒரு பாவித்த எம்பிராய்டரி மெஷினை வாங்கிக்கொண்டு திருகோணமலைக்கு வந்து லிங்கநகரில் வாடகை வீடெடுத்தேன். முன்னறையில் மெஷின், பின்னறையில் நான்.

வேலைக்குக் குறைவில்லை. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கு இல்லத் தொப்பிகள், திமிங்கிலம் பார்க்கக் கூட்டிப்போகும் படகுகளுக்குச் சேட்டில் ஒட்டும் பட்ஜ், கோயில் திருவிழாத் தொண்டர்களுக்கு, தேவாலய இளைஞர் மன்றத்துக்கு, ஓட்டோச் சங்கத்துக்கு. ஆனால் இப்போது ஆட்கள் நேரில் வருவது குறைவு. டிசைனைப் படமெடுத்துப் போனில் அனுப்புவார்கள். நான் லப்டொப்பில் வரைந்து அனுப்புவேன். "ஓகே" என்று வரும். முடிந்ததும் பையில் போட்டு வாசலில் வைப்பேன், ஓட்டோக்காரர் வந்து எடுத்துப்போவார். ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கச்சி போனில் கூப்பிடுவாள். அவளுடைய பிள்ளைகள் "பெரியம்மா" என்று சொல்லிவிட்டு இத்தாலிய மொழியில் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு ஓடிவிடுவார்கள்.

குசினிக்காரரின் தொப்பியைப் பார்த்துவிட்டு மற்றவர்களுக்கும் ஆசை வந்துவிட்டது. எல்லோருக்கும் ஒரே மாதிரி பட்ஜ் வேண்டும் என்று அந்தத் தம்பி போன் எடுத்தார். கப்பல் கொம்பனியின் சின்னம் வேண்டாமாம். தங்களுக்கென்று ஒன்று வேண்டுமாம்.

"அப்ப நங்கூரம் போடுவமோ?" என்று கேட்டேன். கடற்காரர் எல்லோருக்கும் நான் போடுவது அதுதான்.

"ஐயோ, நங்கூரத்த மட்டும் போட்றாதீங்கக்கா. அதப் பாத்துப் பாத்து வெறுத்துப் போச்சு."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அந்த வீட்டில் அப்படிச் சிரித்த வேறொரு நாள் ஞாபகமில்லை.

கப்பலுக்குள் அவர்கள் பல நாட்கள் வாதாடினார்கள். ஒருவர் திமிங்கிலம் என்றார். ஒருவர் தன் நாட்டுப் பூ ஒன்றைச் சொன்னார். கடைசியில் காகம் என்று முடிவானது. காலையில் குசினி யன்னலுக்கு ஒரு காகம் வருமாம். சமையல்காரர் சோறு வைப்பார். கரையிலிருந்து கப்பலுக்கும் கப்பலிலிருந்து கரைக்கும் இஷ்டப்படி போய்வருகிற ஒரே சீவன் அது.

"அதுக்கு மட்டும் பாஸ் தேவையில்லக்கா. எங்க ஊர்க் காக்கா மாதிரியேதான் இருக்கு. கழுத்து சாம்பலா."

"இஞ்சையும் அது அப்பிடித்தான். என்ன, நீங்கள் காக்கா எண்டுறீங்கள், நாங்கள் காகம் எண்டுவம்."

கறுப்புக் காகத்தை அவர்கள் கேட்ட கருநீலத் துணியில் தைத்தால் கண்ணுக்குத் தெரியாது. மீன் சந்தைப் பக்கம் போய் நின்று காகங்களைப் பார்த்தேன். வெயில் படும்போது இறகில் நீலமும் ஊதாவும் ஓடியது. தையல் விழுகிற திசையை இறகுக்கு இறகு மாற்றினால் ஒரே கறுப்பு நூலும் வெவ்வேறாய் மினுங்கும். அப்படிச் செய்தேன். கழுத்துக்கு இரண்டு சாம்பல். உப்புக்காற்றில் சாயம் போகாத பொலியெஸ்டர் நூலாகத் தேடி வாங்கினேன். முதல் பட்ஜ் பாதியில் நிற்கும்போது கரண்ட் போய்விட்டது. திரும்ப வந்ததும் மெஷின் விட்ட இடத்திலிருந்து ஒரு மயிரிழை தள்ளித் தொடங்கியதால் காகத்தின் சொண்டு கோணிப்போனது. அதை வீசிவிட்டு மறுபடி தொடங்கினேன்.

காகத்துக்குக் கீழே அவரவர் பெயர், அவரவர் எழுத்தில். எனக்குத் தெரியாத எழுத்துகளைப் படமெடுத்து அனுப்பினார்கள். தைத்து முடித்து நானும் படமெடுத்து அனுப்பிச் சரிபார்த்தேன். கஷ்டம் தந்தது தமிழ்தான். அந்தத் தம்பியின் பெயரில் இரண்டு புள்ளிகள். அவ்வளவு சிறிய எழுத்தில் புள்ளி வைத்தால் நூல் திரண்டு முடிச்சாகிவிடும். புள்ளியைச் சின்ன வட்டமாக மாற்றித் தைத்ததும் சரியாக வந்தது.

அதைப் பற்றிச் சொல்ல அவருக்குப் போன் எடுத்தபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்துக்கு மன்னியுங்கள் தம்பி, நிப்பாட்டுறன் என்றேன்.

"நிப்பாட்டாதீங்கக்கா," என்றார் அவசரமாக. பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார். "இங்க மெயின் எஞ்சின் நின்னு ரொம்ப நாளாச்சு. சின்ன ஜெனரேட்டர் மட்டும் கொஞ்ச நேரம் ஓடும், அதையும் அணைச்சிருவோம். கப்பல்ல சத்தமே இல்ல. பத்துப் பன்னெண்டு வருசமா எஞ்சின் சத்தத்துலயே தூங்கினவன்க்கா நான். இப்பத் தூக்கம் வர மாட்டேங்குது. உங்க மெஷின் சத்தம் கேக்க நல்லாருக்கு. நீங்க பேச வேணாம். போனச் சும்மா மேசையில வச்சிருங்க."

வைத்தேன். நூல் கட்டைகளுக்குப் பக்கத்தில் போன் கிடந்தது. நான் என் வேலையைப் பார்த்தேன். நூல் அறுந்து மெஷின் நின்றால் அந்தப் பக்கத்திலிருந்து, "என்னாச்சுக்கா?" என்று குரல் வரும். "நூல் அறுந்திட்டுது" என்பேன். கோத்து ஓடவிடுவேன். மறுபடி இரண்டு பக்கமும் பேச்சிருக்காது.

அதற்குப் பிறகு மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரத்தில் அவர் எடுப்பது வழக்கமாகிவிட்டது. சில நாள் கதைப்போம். அவருடைய மகள் பள்ளிக்கூடத்தில் மரமாக நடித்தது, கப்பலில் வெங்காயம் முடிந்தது, இங்கே பெய்த மழை அங்கே பெய்ததா என்பது. பெரும்பாலும் ஒன்றுமில்லை. சில நாள் போனுக்குள்ளிருந்து மெல்லிய குறட்டை கேட்கும். அப்படிக் கேட்டால் தைக்க வேண்டிய டிசைன் முடிந்தாலும் மெஷினை நிறுத்த மனம் வராது. பழைய துணியொன்றைப் பூட்டி எதையாவது ஓடவிட்டிருக்கிறேன். யாருக்கும் வேண்டாத பூக்களும் கோடுகளும் அந்தத் துணிகளில் நிறைந்தன.

தங்கச்சி ஒரு ஞாயிறு, "அக்கா, இப்ப நல்லாக் கதைக்கிறாய்" என்றாள். நான் கப்பல் கதையை எடுக்காமல் பிள்ளைகளை விசாரித்தேன். சொல்லுவதற்கு என்ன இருந்தது?

பட்ஜ் எல்லாம் கப்பலுக்குப் போய் நெடுநாள் ஆனபின் ஒருநாள் நானா வாசலிலிருந்தே கூப்பிட்டார். "தங்கச்சி, அவனுகளுக்கு வழி பிறந்துட்டுது. ஆக்கள மட்டும் ஊருக்கு அனுப்புறாங்களாம். நாளைக்குக் காலையில வேனில ஏத்திக் கொழும்புக்குக் கொண்டுபோறாங்க. வாறதெண்டால் கேற்றடிக்கு வாங்க. உள்ள விடமாட்டாங்க."

அன்று மத்தியானம் தம்பியிடமிருந்து போன் வரவில்லை. மூட்டை கட்டுகிற அவசரமாயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

காலையில் நல்ல சேலையொன்றை எடுத்து உடுத்தேன். பிறகு அது கூடிப்போனதுபோல் பட்டு, அவிழ்த்து வைத்துவிட்டு வழக்கமாகப் போடும் நீளச் சட்டையோடு போனேன். துறைமுகக் கேற்றுக்கு வெளியே, எதிர்ப்பக்கத்து மர நிழலில் நானாவோடு நின்றேன். வேன் வந்தது. கறுப்புக் கண்ணாடி. கேற்றில் கடதாசிகளைப் பார்ப்பதற்காகக் கொஞ்சம் நின்றபோது நானா ஓடிப்போய்ச் சாரதியோடு கதைத்தார். கதவு திறந்தது. முதலில் தெரிந்தது தங்க இலை போட்ட தொப்பி. அதற்குக் கீழே நரைத்த மீசையோடு ஒரு முகம் என்னைப் பார்த்துக் கைகூப்பியது. உள்ளே இருந்த எல்லோருடைய சேட்டிலும் காகம் இருந்தது.

காகத்துக்குக் கீழே தமிழ் எழுத்தோடு தம்பி இறங்கினார். நான் நினைத்ததைவிடக் கட்டையான ஆள். முன்பக்கம் முடி கொட்டியிருந்தது. என்னைத் தாண்டி அந்தப் பக்கம் யாரையோ தேடினார்.

"நான்தான்," என்றேன்.

"நீங்களாக்கா?" என்றார். "மெஷின் சத்தம் இல்லாம உங்க குரல் வேற மாதிரி இருக்கு."

போனில் பேச்சில்லாமல் இருந்தபோது சுகமாயிருந்தது. அங்கே, வெயிலில், ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, கைகளை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. "மகளைக் கேட்டதாச் சொல்லுங்கோ" என்றேன். "சொல்றேன்க்கா. உடம்பப் பாத்துக்கங்க" என்றார். சாரதி ஹோர்ன் அடித்தார். கதவு மூடிய பிறகு கறுப்புக் கண்ணாடிக்குள் யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. நான் பொதுவாகக் கையை அசைத்தேன்.

ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒரு குரல்பதிவு அனுப்பினார். பின்னால் பிள்ளை அழுகிற சத்தம், ரேடியோ, யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம். "இங்க ஒரே சத்தம்க்கா, நல்லாத் தூக்கம் வருது" என்று சிரித்தார். பிறகு பொங்கலுக்கு ஒரு வாழ்த்துப் படம் வந்தது. பிறகு வேறு கப்பலில் ஏறியதாக ஒரு செய்தி. அதோடு நின்றுவிட்டது. எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்கு வேண்டியது திரும்பக் கிடைத்துவிட்டது. என்றாலும் மத்தியானம் சாப்பிட்ட கோப்பையைக் கழுவிவைக்கும்போது கை தானாகப் போனைத் தேடும். அந்தப் பழக்கம் போவதற்கு நெடுங்காலம் எடுத்தது.

ஆளில்லாத கப்பல் விரிகுடாவில் நின்றது. உட்துறைமுக வீதிப் பக்கம் போகும்போது பார்ப்பேன். பிறகு அதையும் எங்கோ இழுத்துக்கொண்டு போனார்களாம்.

நானாவுக்கு இப்போது என்னிடம் வர வேலையில்லை. ஆனாலும் ஒருநாள் வந்து, "ஊட்டுக்காரி உங்களைப் பகல் சாப்பாட்டுக்குக் கூட்டிவரச் சொல்றா" என்றார். சாட்டுச் சொல்லித் தட்டிக்கழிக்கத்தான் நினைத்தேன். ஆனால் போனேன். கிண்ணியாப் பாலம் தாண்டி, பஸ் நிறுத்தத்தில் அவரே வந்து நின்றார். வீட்டில் அவருடைய மனைவி நாங்கள் இருவரும் ஒன்றாயிருந்து சாப்பிடப் பெரிய சஹன் தட்டில் சோறு போட்டு வைத்திருந்தா. பிள்ளைகள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவ கேட்டா. "தனியாவா இருக்கீங்க?"

இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. கேட்பவர்களிடம், தங்கச்சி இத்தாலியில் இருக்கிறாள், அடிக்கடி எடுப்பாள், அக்கம்பக்கத்து ஆட்கள் நல்லவர்கள், வேலையும் நிறைய இருக்கு என்று வரிசையாகச் சொல்லிவிடுவேன். அன்றைக்கு அதில் ஒன்றையும் சொல்லத் தோன்றவில்லை.

"ஓம்," என்றேன். "தனியத்தான்."

அவ பாரைமீன் துண்டு ஒன்றை எடுத்து, என்னைக் கேட்காமலே என் பக்கத்துச் சோற்றில் வைத்தா. நான் முள்ளெடுத்துச் சாப்பிடத் தொடங்கினேன்.