ஒராஸ்பையின் ஒரு முழ நூல்

என் வக்கீல் தொழிலில், கட்சிக்காரர்களிலேயே எனக்கு அதிகம் தலைவலி கொடுத்தவர் ஒராஸ்பை அண்ணன்தான். மனுஷனுக்குப் பொய் வராது. லாரி ஓட்டும்போது கண் அசந்துவிட்டார். சாலை போட்டுக்கொண்டிருந்த ஒருவர் இறந்துபோனார். "பிரேக் பிடிக்கலைன்னு சொல்லுய்யா" என்று போலீஸ்காரரே வழி காட்டினார். இவர் "இல்லைங்க, தூங்கிட்டேன்" என்று சொல்லி ஐந்து வருஷம் வாங்கிக்கொண்டார். இறந்தவரின் பெயரை ஒவ்வொரு தொழுகையிலும் சொல்வார்.

மூன்றரை வருஷம் முடிந்ததும், மிச்சத் தண்டனைக்கு முன்பே பரோலில் விடச் சொல்லி மனுப் போட்டோம். அப்போது பேத்தி இன்ஜுவுக்கு ஒன்பது மாதம். எங்கள் கசாக் வீடுகளில் பிள்ளை முதல் அடி வைக்கும்போது கறுப்பும் வெள்ளையும் சேர்த்து முறுக்கிய நூலைக் காலில் கட்டி அறுப்போம். அறுப்பவரின் நடை பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை; பிள்ளை நடந்த பிறகு அறுத்துப் பயனில்லை. "கைதி கையாலயா?" என்று சம்பந்தி வீட்டில் முணுமுணுத்தார்கள். மகள் மரால் அசையவில்லை. "எங்கப்பாதான் அறுக்கணும். அவரை மாதிரி நேரா நடக்கிற ஆளை முதல்ல காட்டுங்க."

கீழ்க்கோர்ட் மனுவைத் தள்ளிவிட்டது. காரணம், அவர் தலையணைக்கடியில் சிக்கிய ஒரு முழ நூல். பேத்திக்காக அவரே முறுக்கியது. சோதனை போட்ட காவலரும் கசாக்தான், அது என்ன நூல் என்று தெரியாமலா இருக்கும்? ஆனால் படிவத்தில் 'கயிறு' என்றுதான் இருந்தது. தப்பிக்க வைத்திருந்த கயிறு என்று நடத்தைக் குறிப்பில் கரும்புள்ளி விழுந்தது.

மேல்கோர்ட்டுக்குப் போனோம். "அண்ணே, நான் பேசிக்கிறேன். நீங்க வாயைத் திறந்தீங்க, அவ்வளவுதான்" என்று எச்சரித்திருந்தேன்.

"கயிறு கயிறுதான்" என்றார் அரசு வக்கீல்.

"இந்த ஒரு முழத்தை வச்சு எந்த மதிலைத் தாண்டுவாராம்? பூனைக்குட்டியைக்கூடக் கட்ட முடியாது" என்றேன். நீதிபதி அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு அண்ணனைப் பார்த்தார்.

"நூல் எங்கேருந்து வந்துச்சு?"

"வெள்ளை என் காலுறையைப் பிரிச்சதும்மா. கறுப்பு ஜெயில் தையல் கூடத்து நூல். கேக்காம எடுத்துட்டேன். அது தப்புதான்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அந்தத் திருட்டு எந்தக் காகிதத்திலும் இல்லை!

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "அடுத்த தடவை கேட்டு வாங்குங்க" என்றார். மூன்று வாரம் கழித்து வந்த தீர்ப்பு அந்தக் கரும்புள்ளியை அழித்தது. விடுதலை. நான் நடைபாதையில் நின்று அழுதேன்.

அதற்குள் வழக்கு ஏழு மாதத்தைத் தின்றிருந்தது. இன்ஜு எப்போதோ நடந்துவிட்டாள். "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கக்கா. இன்னும் தவழுறாள்னுதான் சொல்லி வச்சிருக்கோம்" என்று மரால் போனில் கெஞ்சினாள்.

அண்ணன் வெளியே வரும் நாளில் தையல் கூடத்துக்குப் போய், கேட்டு, கறுப்பு நூல் வாங்கிப் புதிதாக முறுக்கிக்கொண்டார். பல்ஹாஷில் இருந்த மகள் வீட்டுக்கு நான்தான் காரில் அழைத்துப் போனேன். கதவு திறந்ததும் உள்ளேயிருந்து இன்ஜு தடதடவென்று ஓடிவந்து அவர் முழங்காலில் முட்டி நின்றாள். மராலின் முகம் செத்துவிட்டது. சம்பந்தி அம்மா தேநீர்க் கெண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் குனிந்து பேத்தியின் தேய்ந்துபோன செருப்பை ஒரு நிமிஷம் பார்த்தார். எத்தனை மாதமாக ஒரே ஒரு பொய் சொல்லுங்கள் என்று அவரிடம் கெஞ்சியிருப்பேன்!

பையிலிருந்து நூலை எடுத்தார். "புள்ளை இன்னும் நடக்கல போலிருக்கே. கத்தியைக் கொண்டாம்மா" என்றார்.